யுலிசிஸ்: பகுதியும் முழுமையும்

ஒரு நூலின் வரலாறு, அதனை ஆக்கியோன் எழுதுகோலைக் கீழே வைத்த கணத்தில் முடிவுறுவதன்று. அச்சிடுவோர், விற்போர், தடைசெய்வோர், தீர்ப்பளிப்போர் எனப் பலர் கைகளும் அதன்மேற் படுகின்றன. ஜேம்ஸ் ஜோய்ஸ் இயற்றிய 'யுலிசிஸ்' என்னும் நாவல் இதற்குத் தக்க சான்றாகும். அந்நூல் ஆபாசமானதா என்பதே நீதிமன்றங்களில் எழுந்த வினா. ஆயினும், அதன் அடியிலே திறனாய்வுக்குரிய வேறொரு வினா கிடந்தது: இலக்கியத்தைப் பகுதி கொண்டு மதிப்பிடுவதா, முழுமை கொண்டு மதிப்பிடுவதா?

நாவலின் அமைப்பை நோக்கின் இவ்வினாவின் பொருத்தம் விளங்கும். 1904ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள், டப்ளின் நகரில் லியோப்பொல்ட் புளூம் என்னும் எளிய மனிதன் திரிந்து வீடு திரும்புவதே கதை. ஹோமரின் 'ஒடிசி' அதற்குப் பின்னணியாய் நிற்கின்றது. நூலின் பதினெட்டு இயல்களும் வெவ்வேறு நடையின. நம் திறனாய்வாளர் நனவோடை என வழங்கும் உத்தி அவற்றுள் ஒன்றேயன்றி முழுவதும் அன்று. ஓர் இயலின் நடை நையாண்டியா, மெய்யுரையா என்பதை ஏனைய இயல்களோடு ஒப்புநோக்கியே உணரலாகும்.

இத்தகைய நூல் துண்டு துண்டாகவே முதலில் வெளிவந்தது. மார்கரெட் அன்டர்சன், ஜேன் ஹீப் என்னும் பெண்மணியர் இருவர் நடத்திய 'லிட்டில் ரிவியூ' என்ற அமெரிக்கச் சஞ்சிகை 1918 மார்ச் முதல் அதனைத் தொடராக வெளியிட்டது. அஞ்சற் பகுதியினர் சில இதழ்களைக் கைப்பற்றினர். 1920 ஜூலை-ஆகஸ்ட் இதழில் வந்த பதின்மூன்றாம் இயலின் ஒரு துண்டே வழக்குக்கு வித்தாயிற்று. கடற்கரையில் ஓர் இளமங்கையைப் புளூம் நோக்கியிருக்கும் காட்சி அது. மலிவான காதற்கதைகளின் மிகையுணர்ச்சி நடையை ஜோய்ஸ் அங்கே எள்ளி நகையாடுகின்றார். நூலினின்றும் பிரித்த துண்டிலே எள்ளல் மறைந்தது; காட்சி மட்டுமே எஞ்சியது. 1921இல் ஆசிரியர் இருவருக்கும் தலைக்கு 50 டொலர் தண்டம் விதிக்கப்பட்டது. தொடர் பதினான்காம் இயலின் இடையிலேயே நின்றுபோயிற்று.

ஆங்கில நாட்டிலும் அமெரிக்காவிலும் வெளியிட வழியற்ற நூலைப் பாரிஸில் புத்தகக்கடை நடத்திய சில்வியா பீச் ஏற்றார். 1922 பெப்ரவரி 2ஆம் நாள், ஜோய்சின் நாற்பதாவது பிறந்த நாளன்று, முதற்பதிப்பு வெளிப்போந்தது, பிரதிகள் 1000. டிஜோன் நகரத்து அச்சகத்தார் ஆங்கிலம் அறியாத பிரெஞ்சுத் தொழிலாளரைக் கொண்டு அச்சுக் கோத்தனர். ஆசிரியரோ திருத்தத் தாள்களிலும் புதியன எழுதிச் சேர்த்தவண்ணம் இருந்தார். பிழைகள் மலிந்தன. வழமையான பதிப்பகத்தார் இத்துணை இடங்கொடுத்திருப்பாரோ என்பது ஐயமே. நூலின் விரிவுக்கும் வழுவுக்கும் தடையே ஒருவகையிற் காரணமாயிற்று.

அமெரிக்காவிலே, 1933 டிசம்பர் 6ஆம் நாள் நீதிபதி ஜோன் வூல்சி தடையை நீக்கினார். பழைய ஆங்கில வழக்காறு, தீயவற்றுக்கு எளிதில் வசப்படும் உள்ளத்தைத் துண்டுப் பகுதிகள் கெடுக்குமா என்று நோக்குவது. வூல்சியோ நூலை முற்றாகப் படித்து, இயல்பான மனிதனிடத்து முழுநூல் விளைக்கும் பயனையே அளவுகோலாகக் கொண்டார். 1934இல் மேன்முறையீட்டு மன்றமும் அத்தீர்ப்பை உறுதிசெய்தது. ஆயினும் ஒன்று குறிப்பிடற்பாலது. நூல் சிலவிடத்து அருவருப்பூட்டுமேயன்றி இச்சையைத் தூண்டாது என்பதே அவர் முடிபின் சாரம். இது விடுதலைக்குப் போதிய நியாயம். இலக்கியத்துக்குப் போதிய புகழுரையன்று. புளூமின் பரிவும், இழந்த மகனை எண்ணி அவன் படும் துயரும், நகைச்சுவையும் அவ்வளவுகோலில் அடங்கா.

விந்தை இதனோடு முடியவில்லை. சட்டப்படி 1934இல் வெளிவந்த அமெரிக்கப் பதிப்பு, தவறுதலாகத் திருட்டுப் பதிப்பொன்றின் பிரதியையே மூலமாகக் கொண்டது! நீதிமன்றம் முழுமையை மீட்டுத் தந்தது; அச்சகமோ அம்முழுமையைச் சிதைத்துத் தந்தது. 1936இல் இலண்டனிலும் நூல் வெளிவந்தது. 1984இல் ஹான்ஸ் வால்ட்டர் கப்ளர் கையெழுத்துப் படிகளை ஒப்புநோக்கித் திருத்திய பதிப்பை வெளியிட்டார். அதன் முறைமையையும் ஜோன் கிட் போன்றோர் கடுமையாக மறுத்தனர். 'முழுமை' எனப் போற்றுவது எப்பாடத்தை என்னும் வினா அறிஞரிடையே இவ்வாறு நீடித்தது.

ஆகவே, 'யுலிசிஸ்' நமக்கு விட்டுச்சென்ற செல்வம் நனவோடை உத்தி மாத்திரமன்று. ஒரு வரியைப் பிடுங்கி நூலைப் பழித்தல் தகாது என்பதை அது நீதிமன்றத்திலேயே நிலைநாட்டிற்று. ஒரு வரியைப் பிடுங்கி நூலைப் புகழ்தலும் அவ்வாறே தகாதது என்பதை நாம் உடன்சேர்த்துக் கொள்ளல் வேண்டும். தடைசெய்யப்பட்டமையால் ஒரு நூல் உயர்வதுமில்லை; தடை நீங்கியமையால் அதன் மதிப்பு முடிவாவதுமில்லை. நூலை ஆதியோடந்தமாகக் கற்றலே திறனாய்வாளனின் முதற்கடன்.