புறம்போக்கும் பாடும்: ஒரு பாட்டின் பட்டறை

பாட்டெழுதுகிறவரை நேரில் பார்த்தால் நாம் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "இதை எப்படி எழுதினீங்க?" தமிழில் அதற்கு வழக்கமாகக் கிடைப்பது ஒரு கதை. ஊருக்கே திரும்பிவிட இருந்த வாலியை, பி.பி.ஸ்ரீனிவாஸ் பாடிக் காட்டிய கண்ணதாசன் பாட்டொன்று சென்னையிலேயே நிறுத்திவிட்டது. 'சுமைதாங்கி' (1962) படப் பாட்டு அது. அதே வாலிதான் 1964இல் 'படகோட்டி'க்கு எழுதினார். நல்ல கதைதான். ஆனால் ஸ்ரீரங்கத்திலிருந்து வந்தவர், ஒரு மீனவனின் வாயில் எந்தச் சொல்லை வைப்பது என்று எப்படி முடிவெடுத்தார்? கதை அதைச் சொல்வதில்லை. எனக்குத் தெரியவேண்டியது அதுதான்.

அப்படி உட்கார்ந்து கேட்க வேண்டும் என்று நான் ஆசைப்படும் பாட்டுக்காரர் கேபர் வாசுகி. 'சென்னை புறம்போக்கு பாடல்' 2017 ஜனவரியில் வந்தது. வரிகள் அவருடையவை. மெட்டு ஆர்.கே.ஸ்ரீராம்குமார், குரல் டி.எம்.கிருஷ்ணா. எண்ணூர்க் கழிமுகத்தை அனல்மின் நிலையச் சாம்பலும் ஆக்கிரமிப்பும் விழுங்குவதைப் பற்றிய பாட்டு. நான் எளாவூர்க்காரன். எங்க பக்கத்துப் பழவேற்காடு ஏரியையும் அந்தக் கழிமுகத்தையும் பக்கிங்காம் கால்வாய் இணைக்கிறது. அங்கே நடப்பது எங்களுக்கு வெளியூர்ச் சேதி இல்லை.

கேபர் வாசுகியை நான் சந்தித்ததில்லை. ஆனால் இந்தப் பாட்டு தன் பட்டறைக் கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. கேட்டாலே மூன்று முடிவுகள் தெரிகின்றன.

முதலாவது, தொடங்கிய சொல். நதி, தாய், அலை என்று எத்தனையோ கவிதைச் சொற்கள் கையெட்டும் தூரத்தில் இருந்தன. அவர் எடுத்தது ஒரு வசவை. வருவாய்த்துறை ஏட்டில் புறம்போக்கு என்றால் தீர்வைக்குப் புறத்தே நிற்கும் நிலம்: ஏரி, வாய்க்கால், மேய்க்கால், பாதை. தெருவில் அதே சொல்லுக்கு உதவாக்கரை என்று பொருள். வரி தராத நிலம் எப்படி மதிப்பில்லாத நிலமானது, பிறகு எப்படி மதிப்பில்லாத மனுஷன் ஆனது என்பதே இந்தப் பாட்டின் வாதம். அந்த வாதம் முழுக்க ஒரே சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது.

இரண்டாவது, சென்னைத் தமிழ். ஆனந்தபைரவி, பேகடா, தேவகாந்தாரி என்று நகரும் ராகமாலிகைக்கு அந்த மொழியை யாரும் இஸ்திரி போடவில்லை. கச்சேரி மேடை நூறு வருஷமாக வாசலிலேயே நிறுத்தி வைத்த பேச்சு அது. அது ராகத்துக்குள் நுழையும்போது ராகமும் கெடவில்லை, பேச்சும் கூனவில்லை. எந்தப் பேட்டியும் இதைவிடத் தெளிவாக எதையும் விளக்கிவிடாது.

மூன்றாவது, யாரிடம் பேசுவது என்பது. பாட்டு அரசாங்கத்திடம் மனு கொடுக்கவில்லை. கேட்டுக்கொண்டிருக்கும் உன்னையும் என்னையும் பார்த்துப் பேசுகிறது. கடைசியில் அந்த வசவையே நெஞ்சில் குத்திக்கொள்ளும் பட்டயமாக ஆக்குகிறது.

ஆனாலும் ஒரு குறை சொல்லியாக வேண்டும். ஏரியில் தொழில் செய்யும் பெரியவர் ஒருவருக்கு இதைப் போனில் போட்டுக் காட்டினேன். முழுசாகக் கேட்டார். "நல்லாத்தான் பாடுறாரு. ஆனா பொறம்போக்குன்னா ஏரி தானேப்பா, அதுல திட்டு எங்க இருக்கு?" என்றார். அந்தச் சொல்லை வசவாக்கியது நகரம். பாட்டு திருத்த முயல்வதும் நகரத்தின் காதைத்தான்.

ஏரிக்குள் புழங்கும் சொல் வேறு: பாடு. இறால் விழும் இடங்களில் யார் எப்போது வலை போடுவது என்று ஊர்கள் சீட்டுப் போட்டு முறை பிரித்துக்கொள்ளும் ஏற்பாடு அது. இன்றைக்கு நல்ல இடம் கிடைத்தவருக்கு நாளைக்கு வேறு இடம். பொதுச் சொத்தை இவ்வளவு நுட்பமாகப் பங்கிட்டவர்கள் என்று பெருமைப்படலாம். ஆனால் அந்தச் சீட்டில் பெண்களின் பேர் இல்லை. கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களின் பேரும் இல்லை. புறம்போக்கு எல்லாருக்கும் பொது என்று பாட்டு சொல்லும்போது என் மனம் நிறைகிறது. பாடு என்ற சொல் நினைவுக்கு வந்ததும் "எல்லாருமா?" என்று கேட்கிறது.

இது கேபர் வாசுகியின் பாட்டைக் குறைத்துவிடாது. வெளியே இருந்து வரும் புல்டோசரை எதிர்க்க அந்த 'எல்லாரும்' தேவை. உள்ளே இருக்கும் வரிசையைப் பற்றி எழுத வேறொரு பாட்டு வேண்டும். அதை எழுதப் போகிறவர் சாயங்காலம் பறியோடு கரையேறும் ஒரு பெண்ணாக இருந்தால், அவரிடம் "எப்படி எழுதினீங்க?" என்று கேட்க மாட்டேன். "இத்தனை நாள் ஏன் யாரும் உங்களுக்கு முறை விடல?" என்றுதான் கேட்பேன்.