மலை மாடும் கூண்டுக் கோழியும்

காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கொல்லிமலைக்கு ஏறும் வாசகர்கள் இருவகைக் கால்நடை வளர்ப்பை ஒரே நாளில் பார்க்கலாம். கீழே நாமக்கல் சமவெளியில் நீண்ட கோழிப்பண்ணைக் கொட்டகைகள். மேலே, சாமையும் தினையும் கேழ்வரகும் விளையும் சரிவுகளில் ஏர் இழுக்கும் மாடுகள். முற்றத்தைக் கிளறித் தின்னும் நாட்டுக்கோழிகள். பூமி சூடேறுவதைத் தடுக்கும் நோக்கில் பார்த்தால், இவற்றுள் எது மேல்?

ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் 2006-இல் ‘கால்நடைகளின் நீண்ட நிழல்’ என்னும் பொருள்படும் தலைப்பில் ஓர் அறிக்கை வெளியிட்டது. மனிதச் செயல்களால் வெளியாகும் பசுமைக்குடில் வாயுக்களில் 18 சதவீதம் கால்நடைத் துறையைச் சேர்ந்தது என்றது அது. அதே நிறுவனத்தின் 2013-ஆம் ஆண்டுக் கணக்கு 14.5 சதவீதம். கால்நடையைச் சூழல் விவாதத்தின் நடுவே நிறுத்திய பெருமை முதல் அறிக்கைக்கு உண்டு. நமது விமர்சனம் அதன் தொகையைப் பற்றியதன்று. அதன் அளவுகோலைப் பற்றியது.

மாடு அசைபோடும் பிராணி. அதன் இரைப்பையில் நுண்ணுயிர்கள் புல்லையும் வைக்கோலையும் நொதிக்கச் செய்யும்போது மீத்தேன் உண்டாகி ஏப்பமாக வெளிவருகிறது. நூறாண்டுக் கணக்கில் மீத்தேன் கரியமில வாயுவைப் போல் சுமார் 28 மடங்கு வெப்பத்தைத் தேக்கும். கோழி அசைபோடுவதில்லை. புவர், நெமெசெக் என்னும் ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட உலகச் சராசரியைப் பாருங்கள். 100 கிராம் புரதம் பெற, இறைச்சிக்கென வளர்க்கும் மாட்டில் 50 கிலோ, கோழி இறைச்சியில் 5.7 கிலோ, முட்டையில் 4.2 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமான வாயுக்கள் வெளியாகின்றன.

இதிலிருந்து, ‘மாட்டைக் குறை, கோழியைப் பெருக்கு, நெருக்கி வளர்’ என்ற முடிவுக்கு வருவது எளிது. 2006 அறிக்கையும் செறிவான வளர்ப்பையே வழியாகக் காட்டிற்று. ஆனால் அந்தப் பேரேட்டில் ஒரு பக்கம் நிரப்பப்படவில்லை. விலங்கு எப்படி வாழ்கிறது என்பதற்கு அங்கே எடையே இல்லை.

எண்ணிக்கையை முதலில் கவனியுங்கள். ஒரு மாட்டில் 200 கிலோ இறைச்சி, ஒரு கோழியில் ஒன்றரைக் கிலோ என்று கொண்டால், ஒரு மாட்டின் இடத்தில் 130-க்கு மேற்பட்ட கோழிகள் வந்து நிற்கும். கரியமில வாயு குறையும். துன்பப்படும் உயிர்கள் நூறு மடங்குக்கு மேல் பெருகும்.

அடுத்து, வாழும் நிலை. ஒரு தட்டச்சுத் தாளின் பரப்பு சுமார் 620 சதுர சென்டிமீட்டர். நம் நாட்டு முட்டைக்கோழிக் கூண்டுகளில் ஒரு கோழிக்கு அவ்வளவு இடமும் பெரும்பாலும் கிடைப்பதில்லை. அது சிறகை விரிக்க முடியாது. மண்ணில் புரள முடியாது. மறைவிடம் தேடி முட்டையிட முடியாது. அசைய நியாயமான வாய்ப்பளிக்காத கூண்டில் விலங்கை அடைப்பது 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். இந்தியச் சட்ட ஆணையத்தின் 269-ஆம் அறிக்கை (2017) கோழி வளர்ப்பு முறைகளையே ஆராய்ந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2012 முதல் வெறும் கம்பிக் கூண்டுகளைத் தடை செய்துள்ளது.

கூண்டை நீக்கினால் தீனியும் இடமும் கூடுதலாக வேண்டும். முட்டைக்குரிய வாயுக் கணக்கும் சற்று ஏறும். இந்த முரண்பாட்டை மறைக்கலாகாது. ஆனால் மறுபுறமும் உண்டு. கோழிக்கு வியர்வைச் சுரப்பி இல்லை. அலகைத் திறந்து மூச்சிரைத்தே சூட்டைத் தணிக்க வேண்டும். நெருக்கமான கொட்டகையில் அதுவும் போதாது. கோடையில் நாமக்கல் பண்ணையாளர்கள் அஞ்சும் ‘வெப்ப அயர்ச்சி’ இதுவே. பூமி சூடேற ஏற, அதை முதலில் அனுபவிப்பதும் அந்தக் கோழிதான்.

இனி மலை மாட்டுக்கு வருவோம். அது உழுகிறது, எரு தருகிறது, மனிதன் உண்ண முடியாத சாமை வைக்கோலைத் தின்கிறது. ‘100 கிராம் புரதத்துக்கு இவ்வளவு’ என்ற அளவுகோலில் உழைப்பும் எருவும் விழுவதில்லை. சாமை நிலத்தில் ஆலை மரவள்ளி பரவியபோது வைக்கோலும் குறைந்தது. இதனால் மலை வாழ்வு முழுதும் இன்பமயம் என்று நாம் சொல்லவில்லை. சரிவில் நுகம் சுமப்பது கடினம். நாட்டுக்கோழியை வெள்ளைக்கழிச்சலும் கீரியும் விடுவதில்லை. அந்தத் துன்பங்களும் கணக்கில் வரவேண்டியவையே.

‘ஏழைக் குழந்தையின் சத்துணவு முட்டையைப் பறிப்பதா?’ என்று கேட்பீர்கள். பறிக்க வேண்டாம். குழந்தையின் பசி எந்தப் பேரேட்டிலும் முதல் வரி. ஆனால் மேற்சொன்ன அதே அட்டவணையில் பருப்பு வகைகளுக்கு 100 கிராம் புரதத்துக்கு ஒரு கிலோவுக்கும் குறைவுதான். துவரையும் அவரையும் மொச்சையும் இரு கணக்கிலும் தேறுகின்றன. பெருக்க வேண்டியதை அங்கிருந்து தொடங்கலாம் அல்லவா?

2022-இல் தொடங்கிய தமிழ்நாடு காலநிலை மாற்ற இயக்கம் போன்ற முயற்சிகள் கால்நடையைத் தொடும்போது, நாம் கேட்க வேண்டியவை மூன்று. எத்தனை டன் வாயு குறையும்? எத்தனை உயிர்கள் கூடும்? அவை எந்த நிலையில் வாழும்? முதல் கேள்விக்கு மட்டும் விடை சொல்லும் திட்டத்தை, பாதி எழுதிய விடைத்தாளைப் போலத் திருப்பிக் கொடுப்பதே முறை.