நொண்டி நாடகமும் காமன் கூத்தும்: உடற்குறை பற்றிய ஒரு நோக்கு

தமிழரங்கிலே உடற்குறை நெடுங்காலமாக இடம்பெற்று வந்துள்ளது. உடற்குறையுடையோர் இடம்பெற்றனரா என்பது வேறு வினா. நொண்டி நாடகங்களை நோக்குக. கள்வன் ஒருவன் தாசியிடம் பொருளிழந்து, குதிரை திருடப் புகுந்து, பிடிபட்டுக் கால் வெட்டுண்டு, ஈற்றில் இறையருளால் அதனை மீளப் பெறுகின்றான். திருச்செந்தூர் நொண்டி நாடகம், சீதக்காதி நொண்டி நாடகம் ஆகியவை சமயத்தால் வேறுபடினும் கதைப்போக்கால் ஒன்றே. குறை பாவத்தின் கூலி. கால் மீள்வது திருந்தியமைக்குச் சான்று. கால் இழந்த ஒருவர் இந்நாடகத்தில் ஆடவியலாது. முடிவிலே கால் முளைத்தாக வேண்டுமே! 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் மேடையேற்றிய கூத்துகளுள் நொண்டி நாடகமும் ஒன்று. அம்முயற்சிகள் ஈழத்துக் கூத்து மரபுக்குப் புத்துயிரளித்தன என்பதில் ஐயமில்லை. எனினும், ஆட்டத்தையும் தாளத்தையும் போற்றிய அளவுக்குக் கதையின் உட்பொருளை நாம் வினவினோமல்லோம்.

பேராதனையிலிருந்து மலையேறி அட்டன், நுவரெலியாத் தோட்டங்களை அடையின், வேறொரு முடிவைக் கூறும் கூத்தினைக் காணலாம். மாசியில் ஆடப்படும் காமன் கூத்திலே, சிவனின் நெற்றிக்கண்ணால் எரியுண்ட மன்மதன் ரதியின் வேண்டுதலால் உயிர் பெறுகின்றான். ஆனால் அவன் அநங்கன். ரதிக்கன்றிப் பிறர் கண்ணுக்கு உருவற்றவன். இங்கு உயிர் மீள்கின்றது, உடல் பழையபடி மீள்வதில்லை. இழப்போடு வாழ்தலைத் தண்டனையாகக் காட்டாத இக்கதை, உடற்குறையுடையோரைத் தன் ஆடுகளத்துக்கு அழைக்கத் தகுதி வாய்ந்தது என்பதே எமது கருத்து.

அமைப்பும் இதற்கு இசைவானதே. உயர்ந்த மேடை வேண்டியதில்லை. திடலும் லயத்து வாசல்களுமே களம். ரதி, மன்மதன், தூதன், வீரபத்திரன், எமன் எனப் பாத்திரங்கள் பல. பாடுவோரும் தப்படிப்போரும் வேறு. பாடல்கள் பெரிதும் செவிவழியே கற்கப்படுவதால், கட்புலனற்றவருக்கு எழுத்து தடையாவதில்லை. ரதியை ஆண் ஆடுவதை இயல்பென ஏற்கும் பார்வையாளர், சக்கர நாற்காலியிலமர்ந்த ரதியை மட்டும் ஏற்கமாட்டார் எனல் பொருந்தாது.

தடைகள் இல்லாமலில்லை. காப்புக் கட்டி விரதங் காத்து ஆடும் சடங்கு இது. குறையுள்ள உடல் அதற்கு ஆகாதெனத் தடுப்போர் இருக்கக்கூடும். உருவிழந்தவனையே தெய்வமாக வழிபட்டுக்கொண்டு இவ்வாறு கூறுவது விந்தையே. நிலத்தின் தடை இதனினும் கடியது. லயத்துக்கு லயம் படிகளும் சரிவுகளும். கூத்து செல்லும் வழியெல்லாம் எல்லோரும் செல்லவியலாது. வழியை மாற்றுவதும், ஓரிடத்தில் நின்று ஆடும் பகுதிகளை நீட்டுவதும் கூத்தினைப் பழக்குபவரின் கையிலேயே உள்ளன.

இத்துறையில் முன்னோடிகள் உளர். 1980 இல் இலண்டனில் அமிசி நடன அரங்கைத் தொடங்கிய வொல்ப்காங் ஸ்டாங்கே, பின்னர் இலங்கையிலும் பணியாற்றினார். 2000 இல் சுனேத்திரா பண்டாரநாயக்க நிறுவிய சுனேரா மன்றம் அந்நெறியில் உடற்குறையுடைய இளைஞர்களைப் பயிற்றி மேடையேற்றியது. அதன் பயன் பெரிது. ஆயினும் அது பயிற்சிப் பட்டறையிற் பிறந்து மண்டபத்துக்குச் செல்லும் அரங்கு. தோட்டத்திலோ பார்ப்பவர் அயல் லயத்தவர்; ஆடுபவரை நாள்தோறும் காண்பவர். பெயர் சொல்லாது குறையைச் சொல்லி ஒருவரை அழைத்து வந்தவரும் அவர்களுள் இருப்பர். அவர்கள் முன்னிலையில் எமனாகவோ தூதனாகவோ நிற்பது, நகர மண்டபத்துக் கைதட்டலைப் பெறுவதினும் அரிது.

இலங்கை 2016 இல் ஏற்றுறுதி செய்த, வலுவிழந்தோர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தின் 30 ஆவது உறுப்புரை, கலையாற்றலை வளர்த்துக்கொள்ளும் வாய்ப்பினையும் உரிமையாகக் கொள்கின்றது. காமன் எரியும் இரவில் முன்வரிசையில் ஒரு நாற்காலி இட்டுவைத்தல் அவ்வுரிமையை நிறைவு செய்யாது. காமன் நடுவதற்கு முன்னரே, இன்னார் இன்ன வேடமென்று வகுக்கும் வேளையிலே, அவர்களிடமும் கேட்டல் வேண்டும்.