நெற்றியில்லாத துணிவு

அண்மையில் சிறுவர்க்கான மொழிபெயர்ப்புக் கதைத் தொகுதியொன்றைப் படித்தோம். அதிலொரு கதையில், கடன் வாங்கியவன் கொடுத்தவரிடமே சென்று, அவர்தாம் தனக்குக் கடன்பட்டிருப்பதாகச் சாதிக்கிறான். அவன் செயலைத் தமிழாக்கியவர் ‘துணிவு’ என்கிறார். மூலத்தைப் புரட்டிப் பார்த்தோம், ‘எஃப்ரன்ட்டரி’ என்றிருந்தது. வீரனுக்குரிய மாலை புரட்டன் கழுத்தில் விழுந்துவிட்டது!

இலத்தீனில் ‘ஃப்ரோன்ஸ்’ என்றால் நெற்றி. ‘நீங்கி, வெளியே’ எனப் பொருள்படும் முன்னொட்டைச் சேர்த்து, பிற்கால இலத்தீனில் நாணமற்றவனை ‘எஃப்ரோன்ஸ்’ என்றனர். அச்சொல் பிரெஞ்சு வழியாக ஆங்கிலம் புகுந்து ஏறத்தாழ 300 ஆண்டுகள் ஆகின்றன. நெற்றியை முன்னே நீட்டிக்கொண்டு வருபவன் என்று சிலர் விளக்குவர். நாணிச் சிவப்பதற்கு நெற்றியே இல்லாதவன் என்பர் வேறு சிலர். உரோமர் நாணத்தின் இருப்பிடமாக நெற்றியைக் கருதியதால், பின்னதே பொருத்தமென நமக்குப் படுகிறது. ஆங்கிலேயர் 16ஆம் நூற்றாண்டிலேயே இத்தகையோரைப் பித்தளை முகத்தார் என்றும் வழங்கினர்.

எபிரேய வேதத்தின் எசேக்கியேல் ஆகமம், 3ஆம் அதிகாரத்தில், அடங்காத மக்களை வலிய நெற்றியர் என்கிறது. வியப்பு யாதெனில், அவர்களை எதிர்கொள்ள அனுப்பப்பட்டவருக்கும் அங்கேயே நெற்றி வலிதாக்கப்படுகிறது. ஆகவே, வலிமை மட்டுமே குற்றமன்று.

அரபியில் இது இன்னும் தெளிவு. நாணமின்மையைக் குறிக்கும் ‘வகாஹத்’ என்னும் சொல்லின் வேர், குளம்பு இறுகுதலையும் குறிக்கும். கல்லில் ஓடும் குதிரைக்குக் குளம்பு இறுகியிருத்தல் நன்று. அவ்விறுக்கம் மனிதன் முகத்துக்கு ஏறுவதே கேடு. இதற்கு எதிர்ச்சொல்லான ‘ஹயா’வோ, உயிர்வாழ்வைக் குறிக்கும் ‘ஹயாத்’தோடு வேர் ஒன்றிய சொல்.

தமிழில் சொற்பஞ்சமா? திருக்குறளில் நாணுடைமைக்கென 102ஆம் அதிகாரமே உண்டு. நாணாமை, நெஞ்சழுத்தம், துடுக்கு எனச் சொற்கள் பல. பேச்சு வழக்கில் எருமைத்தோல் என்போமே, அது குளம்புக்கு எவ்வளவு அண்மையில் நிற்கிறது! துணிவு என்பது அஞ்சாமை. இங்கே நேர்ந்ததோ நாணாமை. இரண்டையும் ஒரே சொல்லால் சுட்டினால், படிக்கும் பிள்ளை அக்கடன்காரனைப் போற்றவே கற்கும்.

‘நாணமற்ற துடுக்கு’ என்று எழுதியிருந்தாலே போதும். அடுத்த பதிப்பிலேனும் பதிப்பாளர் திருத்துவாராக.