கேப்ஸ் லாக் விளக்கின் சாட்சியம்

கேப்ஸ் லாக் விளக்கைக் கீபோர்டு தானாக ஏற்றிக்கொள்வதில்லை. விசையைத் தட்டினால் செய்தி கணினிக்குப் போகும். அது 'ஏற்று' என்று திருப்பிச் சொன்னால்தான் அந்தப் பச்சைப் புள்ளி எரியும். கணினியை ஆன் செய்து, விண்டோஸ் வருவதற்குள் அதைத் தட்டிப் பாருங்கள். எரிந்தால் மறுமுனையில் ஆள் இருக்கிறது. எரியாவிட்டால் டெலீட், எஃப்2, எஃப்12 எதை எத்தனை முறை குத்தினாலும் விரல்தான் வலிக்கும்.

போன வருடம் பக்கத்துத் தெரு டிடிபி கடையில் அரை மணி நேரம் அப்படிக் குத்திக்கொண்டிருந்தேன். ஹார்ட் டிஸ்க் படுத்துவிட்டது. பென் டிரைவிலிருந்து பூட் செய்ய வேண்டும். விளக்கு எரியவில்லை. "சார், பழைய உருண்டை பின் கீபோர்டு பரண்ல கிடக்கு, எடுக்கவா?" என்றார் கடைக்காரர். எடுத்தாலும் செருக மதர்போர்டில் இடமில்லை. "இந்த யூஎஸ்பி வந்துதான் சார் எல்லாம் கெட்டுச்சு" என்று அவரே தீர்ப்பும் சொல்லிவிட்டார். பழுது பார்ப்பவர்கள் பலர் சொல்வதும் இதுதான். எவ்வளவு தூரம் சரி?

கொஞ்ச தூரம் சரிதான். அந்த உருண்டை பின், அதாவது 1987-இல் ஐபிஎம் கொண்டுவந்த பிஎஸ்/2 இணைப்பில் சடங்குகள் குறைவு. விசை அழுந்தியதும் கீபோர்டின் குறியீடு வந்து சேரும், பிராசஸருக்கு இண்டரப்ட் போகும், நிச்சயமான ஒரு முகவரியில் அந்தக் குறியீடு காத்திருக்கும். சில வரி நிரல் போதும், படித்துவிடலாம். யூஎஸ்பி கீபோர்டு தானாக வாய் திறக்காது. கன்ட்ரோலரை எழுப்பி, செருகியிருப்பது யாரென்று விசாரித்து, அதற்கு ஒரு எண் கொடுத்து, பிறகு சில மில்லிசெகண்டுக்கு ஒருமுறை 'ஏதாவது அழுத்தினார்களா?' என்று கணினிதான் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இயங்குதளம் வராத நேரத்தில் இத்தனையும் மதர்போர்டிலேயே இருக்கும் தொடக்க நிரலான பயாஸின் தலையில்.

யூஎஸ்பியை வடித்தவர்கள் இதை யோசிக்காமல் விடவில்லை. கீபோர்டுகளுக்கென்று 'பூட் புரோட்டோகால்' என்று ஒன்றை வைத்தார்கள். அறிக்கை வெறும் 8 பைட்: முதலாவது ஷிஃப்ட், கன்ட்ரோல் வகையறாவுக்கு, இரண்டாவது காலி, மீதி ஆறும் ஆறு விசைகளுக்கு. சின்ன பயாஸும் இதைப் படிக்கும். என் கணக்கில் முழு மார்க் இதற்குத்தான். இந்த எளிய பாஷையை மறந்த கீபோர்டுகள்தான் சிக்கல். சில கேமிங் கீபோர்டுகளில் 'பயாஸ்' என்றே தனி சுவிட்ச் இருப்பதன் காரணம் இதுதான்.

பயாஸும் தன் பங்குக்கு ஒரு பொய் சொன்னது. பழைய இயங்குதளம் பிஎஸ்/2 முகவரியைத் தட்டினால், பிராசஸரை ஒரு கணம் ரகசியமாக நிறுத்தி, யூஎஸ்பி விசையை அங்கே வைத்துவிடும். டாஸ் கூட ஏமாந்து வேலை செய்தது. நல்ல பொய்தான், ஆனால் பயாஸிடமிருந்து இயங்குதளத்துக்குக் கைமாறும்போது குட்டு உடையும். 2015-இல் வந்த இன்டெல் 100 வரிசை சிப்செட்டில் பழைய யூஎஸ்பி 2 கன்ட்ரோலரைத் தூக்கிவிட்டார்கள். விண்டோஸ் 7-க்கோ யூஎஸ்பி 3 டிரைவர் கிடையாது. டிவிடியிலிருந்து பூட் செய்ய 'ஏதாவது ஒரு விசையை அழுத்து' என்பது வரை கீபோர்டு வேலை செய்யும். மொழியைத் தேர்ந்தெடுக்கும் திரை வந்ததும் செத்துவிடும்.

இதுவரை குற்றம் யூஎஸ்பி மேல் நிற்கவில்லை. நிற்கும் இடம் வேறு. விண்டோஸ் 8 வந்த 2012-இல், விசையழுத்தத்தைக் கவனிக்கும் இடைவெளி 200 மில்லிசெகண்டுக்கும் கீழே போய்விட்டது என்று மைக்ரோசாஃப்டே எழுதியது. மனித விரலுக்கு அது போதாது. மதர்போர்டுகளின் 'ஃபாஸ்ட் பூட்' இன்னும் ஒரு படி மேலே போய், விண்டோஸ் ஏறும்வரை யூஎஸ்பியை எழுப்புவதையே தவிர்த்தது. பதிலுக்கு, விண்டோஸுக்குள்ளிருந்து ஷிஃப்ட்டை அழுத்தியபடி ரீஸ்டார்ட் கொடுத்தால் வரும் மீட்புத் திரையிலிருந்து பயாஸுக்குப் போகலாம் என்றார்கள். வெளியே இருந்த வாசலை வீட்டுக்குள் கட்டிய மாதிரி. 2025 அக்டோபர் 14-ஆம் தேதி வந்த விண்டோஸ் 11 அப்டேட்டுக்குப் பிறகு அந்த மீட்புத் திரையிலேயே யூஎஸ்பி கீபோர்டும் மவுஸும் இயங்கவில்லை. விண்டோஸுக்குள் ஒழுங்காக வேலை செய்த அதே கீபோர்டு! திருத்தம் 20-ஆம் தேதி வந்தது. இடையிலிருந்த ஆறு நாளில் மெஷின் விழுந்தவர்களை நினைத்துக்கொண்டேன்.

ஆகவே கடைக்காரரின் தீர்ப்பை நான் ஏற்கவில்லை. பென் டிரைவுக்குப் பயந்து யூஎஸ்பியை மொத்தமாக அடைத்துவைக்கும் அலுவலகத்தில் பிஎஸ்/2 போர்ட்டுக்கு இன்றும் நியாயம் உண்டு. மற்றவர்கள் அதைத் தேடி அலைய வேண்டாம்; ஃபாஸ்ட் பூட்டை அணைத்தால் போதும். கீபோர்டு எப்போதும் பேசத் தயாராகத்தான் இருக்கிறது. கேட்கும் வேலையை மிச்சம் பிடித்ததுதான் தப்பு, அந்த மிச்சம் ஓரிரு செகண்ட்.

டிடிபி கடையில் கடைசியில் மதர்போர்டின் வட்ட பேட்டரியைக் கழற்றி, டீ குடித்துவிட்டு வந்து மாட்டினேன். செட்டிங் எல்லாம் பழையபடி ஆகி, கேப்ஸ் லாக் எரிந்தது. ஃபாஸ்ட் பூட்டை யார் ஆன் செய்து வைத்தது என்று கடைக்காரர் கேட்டார். அதற்கு முந்தின வருடம், கணினி சுறுசுறுப்பாகட்டும் என்று, நான்தான்.