இருளுக்கு வரலாறு எழுதியவர்கள்

ஒளியையும் இருளையும் எதிரெதிரே நிறுத்திக் கதை சொல்வது மிக எளிது. அவ்வெளிமையே அதற்கு ஊறுமாகும். ஒளி நன்று, இருள் தீது என்று முதல் வரியிலேயே தீர்ப்புக் கூறிவிட்டால் கதாசிரியனுக்குச் சொல்ல என்ன எஞ்சுகிறது? அமெரிக்காவின் பன்ஜி நிறுவனத்தார் 2014 செப்டம்பரில் வெளியிட்ட ‘டெஸ்டினி’ என்னும் வீடியோ விளையாட்டு இந்த இக்கட்டில்தான் சிக்கிற்று. அதிலிருந்து மீள அவர்கள் பத்தாண்டுக் காலம் செய்த முயற்சியை, பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுதல் தகாது. அது இலக்கிய விசாரணைக்கு உரியதே.

பூமியில் எஞ்சிய கடைசி நகரத்தின்மேல் வெண்ணிறக் கோளம் ஒன்று அசைவின்றி மிதக்கிறது. அதன் பெயர் ‘டிராவலர்’. நம் வழக்கில் முஸாபிர் எனலாம். அது வழங்கிய ஒளியால், இறந்தோர் சிலர் உயிர்பெற்றெழுந்து காவலர்களாகின்றனர். முந்தைய வாழ்வு அவர்களுக்கு நினைவில்லை. அவர்தம் பகை ‘இருள்’. அவ்விருள் யாது, எதன்பொருட்டுப் பகைக்கிறது என்பதற்கு முதல் பதிப்பில் தெளிந்த விடை இல்லை. விளக்குவதற்கு நேரமில்லை என்று ஒரு பாத்திரமே கூறிவிட்டு மறைகிறது! இருந்த சிறு விளக்கமும் அட்டை அட்டையாக எழுதப்பட்டு, விளையாட்டுக்குப் புறத்தே நிறுவனத்தின் இணையதளத்தில் கிடந்தது. மூலம் ஓரிடம், உரை ஓரிடம்.

ஆனால் அவ்வுரையில்தான் உயிர் தோன்றிற்று. 2015இல் சேர்க்கப்பட்ட ‘துயர நூல்கள்’ என்னும் பகுதி மூன்று சகோதரிகளின் கதையைக் கூறுகிறது. பத்தாண்டே ஆயுள் கொண்ட எளிய இனத்தில் பிறந்தவர்கள் அவர்கள். சாவுக்கு அஞ்சி, ஆழத்திலே கிடக்கும் புழுத் தெய்வங்களோடு ஒப்பந்தம் செய்கின்றனர். நீண்ட ஆயுள் கிடைக்கிறது; அதற்கு விலை, ஓயாது கொன்றுகொண்டே இருத்தல். கொல்வது நின்றால் உள்ளிருக்கும் புழு தின்றுவிடும். அழிக்க முடியாதது மட்டுமே இருக்கத் தக்கது என்பது அவர்கள் கண்ட ‘வாளின் தர்க்கம்’. இங்கே இருள் என்பது நிறமாயிராமல் ஒரு வாதமாகிவிட்டது. வாதத்துக்கு மறுப்புச் சொல்ல வேண்டும். சொல்லும்போதுதான் வாசகன் தன்னையே வினவிக்கொள்கிறான்.

2019இல் இன்னும் ஒரு படி மேலே சென்றனர். காலம் தோன்றுமுன் ஒரு தோட்டம். அதில் தோட்டக்காரர் ஒருவர், விளைந்ததைத் தூற்றுபவர் ஒருவர். இருவரும் மலர்களைக் கொண்டு ஆடும் ஆட்டத்தில் ஒவ்வொரு முறையும் ஒரே கோலமே வெல்கிறது. தோட்டக்காரர் புது விதி ஒன்றைச் சேர்க்க விழைகிறார்; மற்றவர் மறுக்கிறார்; அப்பிணக்கிலிருந்து பிரபஞ்சம் பிறக்கிறது. கணித அறிஞர் ஜான் கான்வே உருவாக்கி 1970இல் உலகறிந்த ‘உயிர் ஆட்டம்’ இதன் பின்னே நிற்கிறது. எளிய விதிகளிலிருந்து எண்ணற்ற கோலங்கள் விரியும் ஆட்டம் அது. (தூற்றுதல் என்னும் நம் சொல் களத்து வேலையையும் பழி கூறுதலையும் ஒருங்கே குறிப்பது தற்செயலே எனினும், இந்தப் பாத்திரத்துக்கு வெகு பொருத்தம்.) இதைச் சொல்லும் குரல் தோட்டக்காரருடையதன்று, தூற்றுபவருடையது என்பதைக் கவனிக்க வேண்டும். ஒளி பேசுவது மிக அரிது. இருளோ இனிக்க இனிக்கப் பேசுகிறது. மில்டன் 1667இல் வெளியிட்ட காப்பியத்திலும் ஷைத்தானுக்கே நாவன்மை வாய்த்ததென்று திறனாய்வாளர் கூறுவர்.

அரபி மொழி கற்றோர்க்கு இவ்விடத்தில் சில எண்ணங்கள் தோன்றாமலிரா. திருக்குர்ஆனில் ‘நூர்’ என்னும் சொல் எங்கும் ஒருமையிலேயே வருகிறது. ‘ளுலுமாத்’ என்பது எங்கும் பன்மை. அல்அன்ஆம் அத்தியாயத்தின் முதல் வசனம் இரண்டையுமே இறைவன் ஆக்கியவையாகக் கூறுகிறது. ஒளிக்கு ஒரு முதல், இருளுக்கு ஒரு முதல் என்று கொண்ட மானியின் கொள்கைக்கு அங்கே இடமில்லை. இன்னொன்று: இருளைக் குறிக்கும் ‘ளுல்மத்’தும் அநீதியைக் குறிக்கும் ‘ளுல்ம்’ என்பதும் ஒரே வேரின. ஒரு பொருளை அதற்குரிய இடத்தில் வைக்காமையே ளுல்ம் என்பது மொழியறிஞர் தரும் இலக்கணம். அப்படியாயின் இருளைத் தேட வானவெளிக்குப் போக வேண்டியதில்லை. ஒளியை எங்கே வைத்தாய் என்று கேட்டாலே போதும்.

பன்ஜியாரும் தம் வழியில் இக்கேள்வியை நெருங்கினர். 2020இல் காவலர்கள் கையிலேயே இருளின் ஆற்றலைக் கொடுத்தனர். 2022இல் அதைவிடத் துணிவான காரியம் செய்தனர். அம்மூன்று சகோதரிகளுள் ஒருத்தி, வஞ்சகமே உருவான சவதூன், ஒளிபெற்று உயிர்த்தெழுகிறாள். ஒளியை அவள் திருடினாள் என்றே காவலர் நம்பிப் போர் தொடுக்கின்றனர். பிறகு தெரியவருகிறது, திருடவில்லை. முஸாபிரே விரும்பித் தந்தது. இத்தனை ஆண்டும் தம்மை நல்லோர் என்று காட்டிய அடையாளம் பகைவர் நெற்றியிலும் ஒளிர்கிறதே! ஆடுபவன் துப்பாக்கியைத் தாழ்த்திச் சற்றே சிந்திக்க வேண்டிய இடம் இது. பத்தாண்டுக் கதையில் இதற்கு நிகரான கட்டம் வேறொன்றில்லை என்பேன்.

அக்கேள்வியை அவர்கள் இறுதிவரை சுமக்கவில்லை என்பதே என் குறை. அதே பகுதியின் முடிவில் ‘சாட்சி’ எனும் புதுப் பகைவன் தோன்றுகிறான். முன்னொரு காலத்தில் முஸாபிரின் கொடைகளைப் பெற்று, அவற்றின் நோக்கம் அறியாது தவித்து, ஓருருவாய்க் கலந்துவிட்ட ஓர் இனமே அவன். கற்பனை அழகியதுதான். ஆனால் ஒளியும் இருளும் வெறும் ஆற்றல்கள், குற்றமெல்லாம் இவனுடையதே என்றாகிவிட, 2024 ஜூனில் அவனைக் கொன்றதும் கணக்குத் தீர்ந்தது. காவலர்களுக்கு முன்னரே ஒளிபெற்றெழுந்தவர்களுள் சிலர் அவ்வொளியைக் கொண்டே எளியோரை ஒடுக்கி ஆண்டனர் என்று ஓரக் குறிப்புகளில் எழுதியவர்கள் இவர்களே. அந்த ளுல்முக்கு முகம் கொடுத்து முக்கியக் கதையில் நிறுத்தியிருந்தால், இறுதிப் போர் வேறொன்றாய் இருந்திருக்கும். அந்நியன் ஒருவனைச் சுடுவது ஆடுபவனுக்கு எளிது. தன் ஒளியின் முன்வரலாற்றை ஆடிப் பார்ப்பது கடினம்.

இன்னொரு குறையும் உண்டு. இரண்டாம் ‘டெஸ்டினி’ 2017இல் வந்தது. அதன் தொடக்கக் கதைப்பகுதிகள் 2020 நவம்பரில் விளையாட்டினின்றே நீக்கப்பட்டன. 2022இல் மேலும் ஒரு பகுதி போயிற்று. புதிதாய் வரும் பிள்ளை இடையில் நுழைந்து, முந்தியதை ஏட்டிலே தேடிப் படிக்க வேண்டியதாயிற்று. ஆடுவோரே அட்டைகளையும் குறிப்புகளையும் திரட்டி, எது எந்தப் பதிப்பில் வந்தது என்று குறித்து வைத்திருக்கிறார்கள். ஸனதைப் பேணும் ஹதீஸ் மாணவரின் உழைப்பை அது ஓரளவு நினைவூட்டுகிறது. ஆயினும் அத்தொகுப்பில் எழுத்துத்தான் இருக்கிறது, ஆட்டம் இல்லை.