கூலி, குமாஸ்தா, டெய்லர்

சட்டத்தையும் ஒரு பிரதியாக வாசிக்கலாம் என்றால் நம் தமிழாசிரியர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். 1922ஆம் ஆண்டின் இந்தியக் குடிபெயர்வுச் சட்டம் கடல் கடந்து வேலைக்குப் போகிறவர்களை இரண்டாகப் பிரித்தது: திறன் வேலைக்குப் போகிறவர், திறனற்ற வேலைக்குப் போகிறவர். திறன் வேலை எது என்பதற்கு அது தரும் பட்டியல்தான் சுவாரஸ்யமானது. கைவினைஞர், குமாஸ்தா, கடைச் சிப்பந்தி, கேளிக்கைக் காட்சிகளில் வேலை செய்பவர், டீக்கடையில் பரிமாறுபவர், வீட்டு வேலைக்காரர் எல்லோரும் அதில் உண்டு. வயலிலும் தோட்டத்திலும் குனிகிறவன் மட்டும் அந்தப் பக்கம்.

நம் புனைகதையும் கிட்டத்தட்ட இதே கோட்டில்தான் பிளந்து கிடக்கிறது. புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக் கூலிகளின் கதை. ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' (1972) மெடானில் செட்டியார்களின் வட்டிக்கடைகளுக்கு வேலைக்குப் போனவர்களின் உலகம். சிங்காரமே அப்படிப் போனவர். கூலிக்கு உடம்பும் துயரமும் கிடைத்தன. குமாஸ்தாவுக்கு மனசு, கிண்டல், தர்க்கம், சாகசம் எல்லாம் கிடைத்தன. இரண்டுமே பெரிய படைப்புகள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் யாருக்கு அகம் உண்டு, யாருக்கு இல்லை என்று பிரிக்கும் இந்தச் சொல்லாடல் இலக்கியத்துக்கு வெளியேயிருந்தும் வருகிறது.

சரி, திருப்பூருக்கு வருவோம். இங்கே ஓவர்லாக்கில் உட்கார்ந்திருக்கிறவர் கூலியா, கைவினைஞரா? பின்னல் துணி இழுத்தால் நீளும், விட்டால் சுருளும். பனியன் கழுத்துக்கு ரிப்பைக் கழுத்தளவைவிடச் சின்னதாக வெட்டுகிறார்கள். மிஷின் ஓடஓட, ஒரு கை ரிப்பை ஒரே சீராக இழுத்துக்கொடுக்க வேண்டும். கொஞ்சம் கூடினால் கழுத்து சுருங்கும், குறைந்தால் அலையடிக்கும். இதை எந்த அளவுகோலும் சொல்லித்தராது. விரல்தான் கற்றுக்கொள்ள வேண்டும். 1922இன் கணக்கில் இவர் சந்தேகமில்லாமல் திறனாளர்.

இன்றைய கணக்கு வேறு. கனடா 1967இல் புள்ளி முறையைக் கொண்டுவந்தது. அதன் கூட்டாட்சித் திறனாளர் திட்டத்தில் நூற்றுக்கு 67 எடுக்க வேண்டும். மொழிக்கு 28, அனுபவத்துக்கு அதிகபட்சம் 15. அந்த வாசல் வரைக்கும்கூட நம் டெய்லர் போக முடியாது. 2021ஆம் ஆண்டின் தொழில் வகைப்பாட்டில் தையல் மிஷின் ஓட்டுபவர் நான்காம் அடுக்கு. திட்டமோ மூன்றாம் அடுக்கோடு நின்றுவிடுகிறது. இங்கே ஒருவர் என்னிடம் சொன்னார்: "கை தெரிஞ்சாப் போதும்னு நெனச்சனுங்க, அவங்க காயிதமில்ல கேக்கறாங்க."

அவருக்குத் திறந்திருக்கும் வழிகள் ஜோர்டான் மாதிரி. அமெரிக்காவுக்கு வரியில்லாமல் அனுப்ப முடிந்ததால் அங்கே எழும்பிய ஆடைத் தொழிற்சாலைகளில் தைப்பவர்களில் பெரும்பாலோர் வங்கதேசம், இந்தியா, இலங்கை, நேபாளத்துக்காரர்கள். சாப்பாடும் தங்குமிடமும் சம்பளக் கணக்கிலேயே சேரும். பத்தாவது தேறாதவர் அங்கே போக 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி 'குடிபெயர்வோர் பாதுகாவலர்' அனுமதி வேண்டும். ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலேற்றிய காலத்துப் பதவிப்பெயர் அது. 2018 ஜனவரியில் இவர்களுக்கு மட்டும் ஆரஞ்சு நிறப் பாஸ்போர்ட் என்று அறிவித்தார்கள். எதிர்ப்புக் கிளம்பியதும் அதே மாதம் வாபஸ். நிறம் போனது, முத்திரை போகவில்லை.

முற்போக்காளர்களான நாம் இதில் எங்கே நிற்கிறோம்? ஷரத் சாரி திருப்பூர் பற்றி எழுதிய ஆய்வு நூலில் (2004), தொழிலாளியாக இருந்து முதலாளியான கவுண்டர்கள் தங்கள் வளர்ச்சிக்குச் சொல்லும் காரணம் 'உழைப்பு'. நாம் பதிலுக்குச் 'சுரண்டல்' என்கிறோம், சரிதான். ஆனால் 'திறன்' என்ற சொல்லைத் தூதரகத்துக்கும் மனிதவள அதிகாரிக்கும் எழுதிக்கொடுத்துவிட்டோம். 1984இல் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் செய்த ஊர் இது. அந்த ஊரிலேயே கைமடிக்கும் செக்கிங்குக்கும் உட்காரும் பெண்களுடைய வேலையை 'ஹெல்பர்' என்று எழுதிக் கூலியைக் குறைக்கும்போது நமக்கு அது ஒரு கோட்பாட்டுப் பிரச்சினையாகவே படுவதில்லை.

இன்னொன்று. ஒரிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து இங்கே தைக்கிறவர்கள். 2023 மார்ச்சில் பொய் வீடியோக்களால் பீதி கிளம்பி, பீகார் அரசின் குழு திருப்பூர் வரை வந்து பார்த்துவிட்டுப் போனது. அப்போது நாம் எழுதியவை நல்ல அறிக்கைகள்தான். ஆனாலும் அவர்களுக்கு நாம் தந்த இடம் என்ன? 'பாவம், பிழைக்க வந்தவர்கள்.' அதாவது துன்பக்கேணிப் பக்கம். ரிப்பை இழுக்கும் விரல் அவர்களிடமும் இருக்கிறது. அவர்களிலும் ஒரு சிங்காரம் இருக்கலாம், ஒடியாவிலோ போஜ்புரியிலோ நம்மைக் கிண்டலடித்து எழுதிக்கொண்டு. அவர் எழுதுவதைத் தமிழில் கொண்டுவர நம்மில் யாருக்கு ஒடியா தெரியும்?